ஜி.சி.எஸ்.ஈ.யில் 9, ஏ லெவலில் டி: மகள் ஆங்கில இலக்கியத்தை விடலாமா?

கேள்வி: மகள் லண்டனில் இயர் 12, அதாவது ஊர் உயர்தரம் போன்ற ஏ லெவலின் முதல் வருடம், படிக்கிறாள். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையில் ஆங்கில இலக்கியத்தில் ஆகக் கூடிய 9 எடுத்தவள். ஏ லெவலுக்கு உயிரியல், இரசாயனவியல், ஆங்கில இலக்கியம் என்று மூன்று பாடங்களையும் தானே தெரிவுசெய்தாள். மருத்துவமா சட்டமா என்று இன்னும் முடிவில்லை. சென்ற கிழமை சேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம் பற்றி எழுதிய முதல் பெரிய கட்டுரைக்கு டி வந்தது. அன்று இரவு அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். இவர், "அது கலைப்பிரிவுப் படிப்பு, நான் முதலே சொன்னேன், விட்டுவிட்டுக் கணிதம் எடு" என்கிறார். இங்கே ஒரு ரியூசன் நிலையத்தில் ஏ ஸ்டார் கட்டுரைகளை எழுதித் தந்து பாடமாக்க வைப்பார்களாம். அனுப்பலாமா? நான் ஊரில் உயர்தரத்தில் தமிழ் படித்தவள். என் ஆங்கிலம் கடைக்கும் வேலைக்கும் போதும், சேக்ஸ்பியருக்குப் போதாது. வீட்டில் நான் ஏதும் செய்ய முடியுமா? கட்டுரையின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த டி. நவம்பர் மாதத்தில் இயர் 12 பிள்ளை வாங்கும் டி ஒரு தீர்ப்பு அல்ல. இருபது வருடத்துக்கு மேலாக லண்டனில் சிக்ஸ்த் போம் (இயர் 12, 13) மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன். ஜி.சி.எஸ்.ஈ.யில் 8, 9 எடுத்துவிட்டு வந்து முதல் கட்டுரையில் தடுக்கி விழாத பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். விழுவது கெட்டிக்காரத்தனம் குறைந்ததால் அல்ல. அதுவரை எது அவர்களுக்குப் புள்ளி வாங்கித் தந்ததோ, அதுவே இங்கே காலை வாரிவிடுகிறது.

ஜி.சி.எஸ்.ஈ.யில் இலக்கியப் பரீட்சைக்கு நூலைக் கொண்டுபோக முடியாது. அதனால் பிள்ளைகள் மேற்கோள்களைப் பாடமாக்குகிறார்கள். ஒரு கருத்து, ஒரு சான்று, ஒரு விளக்கம், திரும்பக் கேள்வியோடு ஒரு முடிச்சு என்று பந்தி எழுதப் பழக்குகிறோம். அதற்கு 'பீல்' என்று ஒரு பெயரும் உண்டு, மகளைக் கேட்டால் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது நல்ல ஊன்றுகோல்தான், நானும் அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். ஏ லெவலில் அந்த ஊன்றுகோலை நாங்கள் பிடுங்கிவிடுகிறோம். ஏன் பிடுங்குகிறோம் என்று பல பள்ளிகளில் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பலமுறை வாசித்தேன். முதல் பந்தி ஏறத்தாழ இப்படி இருக்கிறது: "சேக்ஸ்பியர் ஒதெல்லோவை ஒரு வெளியாளாகக் காட்டுகிறார். முதற் காட்சியில் அவன் 'மூர்' என்று அழைக்கப்படுவது இதற்குச் சான்று. எலிசபெத் காலத்து மக்கள் இனவாதிகளாக இருந்தார்கள். இது வாசகரை அதிர்ச்சியடைய வைக்கிறது." ('மூர்' என்பது வட ஆபிரிக்க முஸ்லிம்களையும் கறுப்பு நிறத்தவரையும் அக்கால ஆங்கிலேயர் அழைத்த பெயர்.) ஓரத்தில் ஆசிரியர் இரண்டு இடத்தில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார். ஒன்று, "அதனால் என்ன?" மற்றது, "எந்த வாசகர்?" மகள் அழுதது டி என்ற எழுத்துக்காக என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்த இரண்டு கேள்விகளும் அவளுக்கு விளங்காததுதான் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். அவை திட்டு அல்ல, அவளோடு கதைக்க ஆசைப்படும் ஒருவரின் கேள்விகள். நல்ல ஆசிரியர் கிடைத்திருக்கிறார்.

அந்தப் பந்தியிலேயே கொஞ்ச நேரம் நிற்கிறேன், ஏனென்றால் முழு ஏ லெவலும் அதற்குள் இருக்கிறது.

"எந்த வாசகர்?" ஒதெல்லோ மேடைக்காக எழுதிய நாடகம்: வெனிஸ் நகரத்தின் படைத்தலைவனான மூர் ஒருவன், தனக்குக் கீழ் வேலை செய்யும் இயாகோவின் வஞ்சகப் பேச்சை நம்பி, தன் மனைவி டெஸ்டிமோனாவைக் கொல்லும் கதை. 1604 நவம்பரில் வைட்ஹோல் அரண்மனையில் நடித்ததற்குப் பதிவு இருக்கிறது. அச்சில் வந்தது 1622 இல், சேக்ஸ்பியர் இறந்து ஆறு வருடம் கழித்து. ஆகவே முதலில் இதை எதிர்கொண்டவர்கள் வாசிக்கவில்லை, நின்றும் இருந்தும் பார்த்தார்கள், கேட்டார்கள். 1604 இல் எலிசபெத் அரசி உயிரோடும் இல்லை. அதற்கு முந்திய வருடமே இறந்துவிட்டார், ஆட்சியில் இருந்தவர் ஜேம்ஸ் மன்னர். இது வருடக் கணக்குப் பிழை பிடிக்கும் வேலை என்று நினைக்க வேண்டாம். "அந்தக் காலத்து மக்கள் இனவாதிகள்" என்ற வாக்கியத்தை எந்த நூலைப் பற்றிய கட்டுரையிலும் ஒட்டலாம். எங்கேயும் ஒட்டக்கூடிய வாக்கியத்துக்கு இங்கே புள்ளி இல்லை. 1600 ஆம் ஆண்டில் மொரோக்கோ மன்னரின் தூதர் தம் ஆட்களோடு லண்டனுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்தார், அவரை ஓவியமாகவும் வரைந்து வைத்திருக்கிறார்கள். நாடகம் பார்க்க வந்த லண்டன்வாசிக்கு 'மூர்' என்ற சொல்லைக் கேட்டதும் பயமும் வந்திருக்கலாம், பட்டுடையும் வாளுமாகத் தெருவில் போன ஒரு பெரிய மனிதரின் நினைவும் வந்திருக்கலாம். அந்த இரட்டை மனத்தை வைத்துத்தான் சேக்ஸ்பியர் விளையாடுகிறார் என்று மகள் எழுதியிருந்தால், அந்த வரலாறு அவள் கட்டுரைக்குள் வேலை செய்திருக்கும்.

இனி "அதனால் என்ன?" மகள் பிடித்த சொல் சரியான சொல். ஆனால் பிடித்ததும் விட்டுவிட்டாள். முதற் காட்சியைத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெனிஸ் நகரத்து இரவில் இயாகோவும் அவன் கூட்டாளி ரொடெரிகோவும் ஒதெல்லோவைப் பற்றியே கதைக்கிறார்கள். மூர் என்கிறார்கள், தடித்த உதட்டன் என்கிறார்கள், கிழட்டுக் கறுப்புக் கிடாய் என்கிறார்கள், குதிரை என்கிறார்கள். டெஸ்டிமோனாவின் தகப்பனை நித்திரையால் எழுப்பி அவர் தலையிலும் அதையே கொட்டுகிறார்கள். அந்தக் காட்சி முழுவதிலும் ஒரு தடவைகூட ஒருவரும் 'ஒதெல்லோ' என்ற பெயரைச் சொல்வதில்லை. இரண்டாவது காட்சியில் அவனே மேடைக்கு வந்து நிற்கிறான், அப்போதும் பெயர் வருவதில்லை. மூன்றாவது காட்சியில்தான், துருக்கியரின் கப்பற்படை சைப்பிரசுக்கு வருகிறது என்ற செய்தி வந்த பிறகு, வெனிஸின் கோமகன் "வீரமிக்க ஒதெல்லோ, உம்மை உடனே வேலைக்கு அனுப்பவேண்டும்" என்கிறார். பெயர் முதன்முதலாகக் காதில் விழுவது அங்கே. பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரப் பிரபுவான மாமனாரைப் பார்த்து, "உம்மை நான் காணவில்லை" என்று அதற்குப் பிறகுதான் சொல்கிறார்.

ஒரு நாட்டுக்கு அவன் வேலை தேவைப்படும் நேரத்தில் அவன் பெயர் நினைவுக்கு வருகிறது. தேவைப்படாத நேரத்தில் அவன் வெறும் மூர். கடைசிக் காட்சியில், எல்லாம் நாசமான பிறகு, "அந்த அவசரக்காரன் எங்கே?" என்று கேட்கிறார்கள். அவன் சொல்லும் பதில்: "ஒதெல்லோவாக இருந்தவன் அவன்; இதோ நான்." அவ்வளவு தாமதமாகக் கிடைத்த பெயரை அவனே தன் கையால் கழற்றி வைக்கிறான்.

இதை நான் வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு மேசை அமைதியாகிவிடும். அந்த மேசையில் இருப்பது பெரும்பாலும் நம் பிள்ளைகள், சோமாலியப் பிள்ளைகள், நைஜீரியப் பிள்ளைகள். தங்கள் பெயரை முதல் நாள் வரவுப் பதிவேட்டில் தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டு, "நான் உன்னைச் சுருக்கிக் கூப்பிடலாமா?" என்று கேட்ட ஆசிரியரைச் சந்தித்த பிள்ளைகள். உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும். அந்த அனுபவத்தைக் கட்டுரையில் எழுதக்கூடாது, கட்டுரை ஒதெல்லோவைப் பற்றியது. ஆனால் அந்த அனுபவம் அவள் கண்ணைக் கூர்மையாக்கும். மற்றவர்கள் தாண்டிப்போகும் இடத்தில் அவள் நிற்பாள். புள்ளித் திட்டத்தில் முதலாவது நோக்கமே மாணவரின் சொந்த வாசிப்பு, அறிவோடு சொல்லப்பட்ட சொந்த வாசிப்பு. மகளின் பந்தியில் எல்லாம் இருக்கிறது, அவள் மட்டும் இல்லை.

பரீட்சைச் சபை எதுவானாலும் ஐந்து நோக்கங்களுக்குத்தான் புள்ளி போடுகிறார்கள். பிள்ளைகள் அவற்றை 'ஏ.ஓ.' ஒன்று முதல் ஐந்து என்று சொல்வார்கள். சொந்த வாதம், எழுத்தாளர் சொல்லாலும் வடிவத்தாலும் பொருளை எப்படி உண்டாக்குகிறார் என்பது, நூல் பிறந்த சூழலும் வாசிக்கப்படும் சூழலும், நூல்களுக்கு இடையிலான தொடர்பு, ஒரு நூலை வெவ்வேறு பேர் எப்படி வெவ்வேறாக வாசித்தார்கள் என்பது. கடைசியாகச் சொன்னதுதான் ஜி.சி.எஸ்.ஈ.யில் இல்லாத புதிய விடயம். 1904 இல் பிராட்லி என்ற பேராசிரியர் ஒதெல்லோவை இயாகோவின் வஞ்சகத்துக்குப் பலியான உன்னத மனிதனாக வாசித்தார். 1937 இல் லீவிஸ் என்ற விமர்சகர் அதை மறுத்து, இயாகோ தள்ளியது கொஞ்சம்தான், ஒதெல்லோவின் தற்பெருமையே அவனை விழுத்தியது என்றார். பிள்ளைகள் இந்த இரண்டு பெயர்களையும் பாடமாக்கிக் கட்டுரையில் சொருகிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள். நாங்கள் கேட்பது, நீ யார் பக்கம், ஏன், நாடகத்தில் எந்த வரி உனக்குச் சாட்சி என்பதைத்தான்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், எனக்கு மனம் நிறைய இருப்பது அங்கேதான். "என் ஆங்கிலம் சேக்ஸ்பியருக்குப் போதாது" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உயர்தரத்தில் தமிழ் படித்தவர். இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன் இராமனிடம் சொன்ன முதல் வரி நினைவிருக்கும்: "கண்டனென் கற்பினுக்கு அணியைக் கண்களால்." கம்பன் ஏன் 'கண்டனென்' என்பதை முதலில் வைத்தான்? சீதையின் பெயரை முதலில் சொன்னால், அடுத்த சொல் வரும் வரைக்கும் இராமன் என்ன ஆனாளோ என்று துடிக்கவேண்டும். அந்த ஒரு கண நேரத் துடிப்பையும் அனுமன் கொடுக்க விரும்பவில்லை. பிறகு, காண்பது கண்ணால்தானே, 'கண்களால்' என்று ஏன் தனியே சொல்லவேண்டும்? கேள்விப்பட்டதல்ல, நானே பார்த்தேன் என்ற உறுதி. இதை உங்களுக்குப் படிப்பித்த ஆசிரியர் வகுப்பில் எப்படிச் சொன்னார் என்பதுகூட உங்களுக்கு நினைவிருக்கலாம்.

சகோதரி, மகளிடம் அந்தப் பள்ளிக்கூடம் கேட்பது இதே வேலை. ஒரு சொல் ஏன் முன்னால் வந்தது, ஏன் பின்னால் வந்தது, ஏன் வரவே இல்லை. கம்பன் ஒரு சொல்லை முந்தவைத்துச் செய்ததை, சேக்ஸ்பியர் ஒரு பெயரைப் பிந்தவைத்துச் செய்கிறார். நம் உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாக இந்தக் கேள்விகளைக் கேட்டே வாழ்ந்தவர்கள். 'ஈண்டு இச்சொல் எதற்கு' என்று நிறுத்தி நிறுத்திப் போகிறவர்கள். இந்தப் படிப்பு உங்கள் வீட்டுக்கு அந்நியம் இல்லை. மொழி மட்டும்தான் வேறு.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது இது. மகள் ஒரு காட்சியை உங்களுக்குக் கதையாகச் சொல்லட்டும், தமிழும் ஆங்கிலமும் கலந்து எப்படி வருகிறதோ அப்படி. நீங்கள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்கலாம். "ஏன் அவன் அப்படிச் சொன்னான்? வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் என்ன வித்தியாசம்? அந்தச் சொல்லையா சொன்னான்?" என்று கேளுங்கள். உங்களுக்கு விடை தெரியாமல் இருப்பது நல்லது. விடை தெரிந்த ஆளுக்கு விளக்கும்போது பிள்ளை சுருக்கிவிடும், தெரியாத ஆளுக்கு விளக்கும்போது தானே யோசிக்கத் தொடங்கும். என்னிடம் படித்த ஒரு பையன் தன் அம்மம்மாவுக்குத் தமிழில் ஒவ்வொரு காட்சியாகக் கதை சொல்லித்தான் கிங் லியர் நாடகத்தைப் படித்து முடித்தான். "அந்த மூத்தவள் இரண்டு பேரும் தகப்பனை வீட்டுக்கு வெளியே விட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, அந்த மனுசன் வீடு எழுதிக் கொடுக்கும்போதே பிழை விட்டுட்டார்" என்று அம்மம்மா சொன்னாராம். அவன் அதையே ஆங்கிலத்தில் ஒரு வாதமாக்கி எழுதினான். அந்த வருடம் நான் வாசித்த மிகச் சிறந்த பந்தி அதுதான்.

ரியூசன் பற்றி. பாடமாக்கும் ஏ ஸ்டார் கட்டுரைக்கு ஒரு பென்னிகூடக் கொடுக்க வேண்டாம். பரீட்சையில் வரும் கேள்வி அந்தக் கட்டுரைக்கு எழுதப்பட்ட கேள்வியாக இருக்காது. பாடமாக்கிய பிள்ளை தன் கட்டுரையைக் கேள்விக்குள் திணிக்கப் பார்க்கும், திருத்துகிறவருக்கு இரண்டாவது பந்தியிலேயே தெரிந்துவிடும். அதோடு பரீட்சையில் ஒரு பகுதி பிள்ளை முன்பு பார்த்தேயிராத கவிதையோ உரைநடையோ. அதற்கு எந்த நிலையமும் கட்டுரை எழுதித் தர முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து கோர்ஸ்வேர்க். மொத்தப் புள்ளியில் 20 வீதம் பள்ளியில் செய்யும் அந்த நீண்ட கட்டுரைக்கு, மீதி 80 வீதம் இயர் 13 கோடையில் வரும் பரீட்சைகளுக்கு. ஏறத்தாழ 2,500 முதல் 3,000 சொல், சபைக்குச் சபை கொஞ்சம் மாறும். அது தன் சொந்த வேலை என்று பிள்ளை கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். நிலையத்துக்காரர் எழுதிய பந்தியோ சாட்ஜிபிடி எழுதிய பந்தியோ அதற்குள் இருந்தால் அது பரீட்சை மோசடி. அந்தக் கட்டுரைக்குப் புள்ளியே இல்லாமல் போகலாம், முழுப் பாடமும் இரத்தாகலாம். "எல்லாரும் செய்கிறார்கள்" என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பவேண்டாம். ஒரு பிள்ளையின் எழுத்தை இரண்டு வருடமாக வாசிக்கும் ஆசிரியருக்கு அவள் எழுதாத வாக்கியம் தெரியும். உண்மையாகவே உதவி வேண்டுமென்றால், பிள்ளை எழுதிக்கொண்டு வந்ததை எதிரில் இருந்து வாசித்து, "இது ஏன்?" என்று கேட்கும் ஒருவரைத் தேடுங்கள். அதைப் பள்ளியின் ஆசிரியரே மத்தியான இடைவேளையில் இலவசமாகச் செய்வார். பெரும்பாலான பிள்ளைகள் போய்க் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கணவருக்கும் சில வார்த்தைகள். 'கலைப்பிரிவு' என்று அவர் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஊரில் உயர்தரத்தில் பிரிவு என்பது ஒரு ரயில் பாதை மாதிரி. உயிரியலில் ஏறினால் ஒரு ஊர், கணிதத்தில் ஏறினால் ஒரு ஊர், இரண்டிலும் இடம் கிடைக்காதவர்கள் கலை என்று ஒரு பேச்சு. அது அங்கேயே நியாயமான பேச்சு இல்லை, அது வேறு கதை. இங்கிலாந்தில் பிரிவே கிடையாது. மூன்று தனிப் பாடங்கள், எதையும் எதோடும் சேர்க்கலாம். உயிரியலும் இரசாயனவியலும் எடுத்த பிள்ளைக்கு மருத்துவத்தின் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. பெரும்பாலான மருத்துவப் பீடங்கள் வற்புறுத்துவது அந்த இரண்டையும்தான், மூன்றாவது பாடம் ஆங்கில இலக்கியமாக இருப்பதைப் பல பீடங்கள் வரவேற்கின்றன. கேம்பிரிட்ஜ் போன்ற ஓரிரண்டு இடங்களில் போட்டியிடுகிறவர்களில் அநேகர் மூன்று விஞ்ஞான, கணிதப் பாடங்களோடு வருகிறார்கள் என்பது உண்மை, மகளுக்கு அங்கேதான் போகவேண்டும் என்றால் அது யோசிக்கவேண்டிய விடயம். ஒவ்வொரு பீடமும் தன் நிபந்தனையை வெளியிட்டிருக்கும், மகளோடு இருந்து ஐந்தாறு பீடங்களைப் பார்த்துவிடுங்கள். சட்டத்துக்கோ குறிப்பிட்ட பாடம் எதுவும் கட்டாயம் இல்லை. ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், யூ.சி.எல். போன்றவை கேட்கும் எல்நாட் என்ற தேர்வில் ஒரு பகுதி வாசித்து விளங்கிக்கொள்வது, மற்றது கட்டுரை. சட்டம் எதுவும் அதில் கேட்பதில்லை.

அவர் சொல்வதில் உண்மை ஒன்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மருத்துவத்துக்குப் பொதுவாக மூன்று ஏ கேட்பார்கள், இலக்கியத்திலும் ஏ வரவேண்டும். இந்தப் பாடத்தில் ஏ எடுப்பது சும்மா வராது. இரண்டு வருடத்தில் குறைந்தது எட்டு நூல். அதில் சேக்ஸ்பியர் உட்படக் குறைந்தது மூன்று 1900 க்கு முந்தியதாக இருக்கவேண்டும், குறைந்தது ஒன்று 2000 க்குப் பிந்தியதாக இருக்கவேண்டும். வகுப்பில் ஒரு கிழமைக்கு நான்கைந்து மணித்தியாலம் என்றால் வீட்டிலும் அதேயளவு நேரம். இந்தப் பாடத்தை எடுக்கும் பிள்ளைகள் தொகையும் பல வருடமாகக் குறைந்து வந்தது. 2022 இல் ஏ லெவலில் அதிகம் பேர் எடுத்த முதல் பத்துப் பாடங்களில் இருந்தே ஆங்கில இலக்கியம் வெளியே போனது. பாடத்துக்குப் பெறுமதி இல்லாததால் அது நடந்தது என்று நான் நினைக்கவில்லை. ஜி.சி.எஸ்.ஈ.யில் நாங்கள் இலக்கியத்தைச் சூத்திரமாக்கிக் கொடுத்த விதத்தில் பிள்ளைகளுக்கு அது சலித்துவிட்டது. அந்தச் சலிப்பையும் தாண்டி உங்கள் மகள் இதைத் தானாகத் தெரிவுசெய்திருக்கிறாள். அது சின்ன விடயம் இல்லை.

கணிதத்துக்கு மாறுவது பற்றி: நவம்பரில் அது மகளுக்கு நல்லதல்ல. பாடம் மாற்றும் காலம் பெரும்பாலான பள்ளிகளில் செப்டெம்பர் மாதத்தோடு, மிஞ்சினால் ஒக்டோபர் நடுவோடு முடிந்துவிடும். இப்போது போனால் இரண்டரை மாதக் கணிதத்தைத் தனியாகப் பிடிக்கவேண்டும், அதே நேரத்தில் உயிரியலும் இரசாயனவியலும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பாடத்தில் வந்த காயத்துக்கு மூன்று பாடத்திலும் இரத்தம் சிந்துவதுபோல் ஆகிவிடும். பல்கலைக்கழகத்துக்குப் போகும் எதிர்பார்ப்புப் புள்ளியைப் பள்ளிகள் இயர் 12 கோடையிலோ இயர் 13 தொடக்கத்திலோதான் தீர்மானிக்கின்றன. மருத்துவ விண்ணப்பத்தின் கடைசி நாள் இயர் 13 ஒக்டோபர் 15. இந்த டிக்கும் அந்த நாளுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கிறது.

ஒரு விடயம் மட்டும் என்னை "விடட்டும்" என்று சொல்லவைக்கும். மகளிடம் மெதுவாகக் கேளுங்கள், அப்பா இல்லாத நேரத்தில்: ஒதெல்லோவை முழுதாக, யாரும் சொல்லாமல், ஒரு தடவையாவது தானாக வாசித்தாளா? வாசிக்கவில்லை, சுருக்கத்தையும் யூரியூப் காணொளியையும் வைத்துத்தான் எழுதினாள் என்றால், அதற்கும் கோபிக்க வேண்டாம், பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் வாசிக்க ஆசையே இல்லை, புத்தகத்தைத் திறக்கவே பாரமாக இருக்கிறது, 9 எடுத்ததால்தான் எடுத்தேன் என்று அவள் சொன்னால், அப்போது சிக்ஸ்த் போம் பொறுப்பாசிரியரோடு நாளைக்கே கதையுங்கள். இரண்டு வருடம் ஆசையில்லாமல் எட்டு நூலைச் சுமக்க முடியாது. அழுததைப் பார்த்தால் அவள் அப்படிச் சொல்லமாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அக்கறை இல்லாத பாடத்துக்காக யாரும் கதவைப் பூட்டிக்கொண்டு அழுவதில்லை.

புத்தகத்தில் வாசிக்கும்போது சேக்ஸ்பியர் ஆங்கிலம் எல்லாருக்கும் கடினம், ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கும் கடினம். நடிக்கக் கேட்டால் பாதி தானாக விளங்கும். பல பள்ளிகளின் கணக்கில் நாஷனல் தியேட்டரின் மேடைப் பதிவுகளைப் பிள்ளைகள் இலவசமாகப் பார்க்கலாம், பள்ளி நூலகரிடம் கடவுச்சொல் இருக்கும். தேம்ஸ் கரையில் இருக்கும் குளோப் அரங்கில் கோடை காலத்தில் முற்றத்தில் நின்று பார்க்கும் சீட்டு மலிவு. ஒதெல்லோ இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்றுக்கு நீங்களும் அவளோடு போங்கள். நின்று கால் நோகும், ஆனாலும் கோயில் வீதியில் விடியவிடியக் கூத்துப் பார்த்த ஊர் நமது.

இந்தக் கிழமைக்கு ஒரே ஒரு வேலை. முழுக் கட்டுரையையும் திரும்ப எழுதவேண்டாம். முதற் காட்சியை எடுத்து, அதில் ஒதெல்லோவைக் குறிக்க என்னென்ன சொற்கள் வருகின்றன, யார் யார் சொல்கிறார்கள் என்று கொப்பியில் எழுதட்டும். பிறகு மூன்றாவது காட்சியில் அந்தப் பெயர் வரும் வரியில் கோடு போடட்டும். நான் மேலே எழுதியதைப் பார்த்து எழுதவேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னது என் வாசிப்பு, அவளுக்கு அது பிழையாகக்கூடப் படலாம். கோமகன் அந்தப் பெயரைச் சொன்னது மரியாதையால் என்று அவள் வாதிடலாம், அதற்கும் நாடகத்தில் சாட்சி இருக்கிறது. ஒரு பந்தி, இருநூறு சொல். 'வாசகர்' என்று எழுதக் கை போகும்போதெல்லாம் நிறுத்தி, யார் பார்க்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று யோசிக்கட்டும். அந்தப் பந்தியை நத்தார் விடுமுறைக்கு முன் ஆசிரியரிடம் நேரில் கொண்டுபோய், "நீங்கள் கேட்ட கேள்விக்கு இது பதிலா?" என்று கேட்கட்டும். பேரன்ட்ஸ் ஈவினிங் வந்தால் நீங்களும் தயங்காமல் போங்கள். பரீட்சைச் சபை எது, எந்தப் பகுதிக்கு நூலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதலாம், எதற்குக் கூடாது என்று கேளுங்கள். சபைக்குச் சபை அது மாறும், பிள்ளை எதைப் பாடமாக்கவேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

அந்தப் புதிய பந்தியை மகளுக்கு விருப்பமென்றால் எனக்கும் படம் எடுத்து அனுப்புங்கள். கிரேட் போடமாட்டேன். ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதி அனுப்புவேன்.